எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கேளுங்கள்

டயாலிசிஸ் நோயாளிகளைக் கொண்டு ஆய்வு நடத்தும் தமிழ்நாட்டுச் சிறுநீரக மருத்துவர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன் நான். ஏழு வருடமாக வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், விடிவதற்கு முன்னால் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறேன். டிரை வெயிட், அதாவது தேங்கின நீரையெல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை, 52 கிலோ. இருபது வருடச் சர்க்கரை. மற்றதெல்லாம் ஃபைலில் இருக்கிறது; உங்களுக்குப் பழகிய கதைதான்.

டயாலிசிஸ் ஓடும்போது பிபி இறங்குகிறதே, அதைப் பற்றியும் அதற்காக நடக்கிற ஆய்வுகளைப் பற்றியும்தான் இந்த மடல். நான் டாக்டர் இல்லை. என் அண்ணன் மகள் பி.பார்ம். படிக்கிறாள். ஆங்கிலக் கட்டுரைகளை அவள் படித்துச் சொல்லச் சொல்ல, நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

முதலில் அந்த மூன்றாவது மணி நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். மிஷினுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கு அது எண்ணாகத்தான் தெரியும்.

தொடக்கம் கொட்டாவி. தூக்கக் கொட்டாவி இல்லை, தாடை கழன்றுவிடும்போல ஒன்றன்பின் ஒன்றாக வரும். எங்கள் டெக்னீசியன் தம்பிக்கு இது அத்துப்படி. நாலு பெட் தள்ளி நின்றாலும் "அண்ணாச்சி கொட்டாவி விடுறாரு" என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்துவிடுவார். அப்புறம் காது அடைக்கும். எதிர்ச் சுவரில் இருக்கிற கடிகாரம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளியும். நெற்றி வேர்க்கும், ஏசி குளிரிலும் வேர்க்கும். கையில் கட்டியிருக்கிற பிபி பட்டை தானாக இறுகிப் பிடித்து ஒரு எண்ணைக் காட்டும்போது நான் அதைப் பார்க்கிற நிலையில் இருக்க மாட்டேன். தலைமாட்டை இறக்கி, காலைத் தூக்கி வைத்து, நீர் எடுப்பதை நிறுத்திவிட்டு, நூறோ இருநூறோ மில்லி சலைன் விடுவார்கள். ஐந்து நிமிடத்தில் கடிகாரம் நேராகும். எந்த உப்புத் தண்ணீரை எடுப்பதற்காக இவ்வளவு தூரம் வந்தேனோ அதையே உள்ளே விட்டுத்தான் ஆளை எழுப்புகிறார்கள். அதற்குப் பிறகு கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொள்ளும். அந்த வலியை எழுதத் தெரியவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இது திறந்த மடல், மற்றவர்களும் படிப்பார்கள். மிஷின் நீரை எடுப்பது இரத்தக் குழாயிலிருந்து. தேங்கியிருப்பதோ பெரும்பாலும் சதையிலும் காலிலும். அங்கிருந்து மெல்ல ஊறி வந்துதான் குழாய் மறுபடி நிறைய வேண்டும். கிணற்றில் மோட்டார் போடுகிற எங்கள் பக்கத்துச் சம்சாரிகளுக்கு இது சட்டென்று விளங்கும். ஊற்று ஊறுவதைவிட வேகமாக இறைத்தால் கிணறு வற்றி மோட்டார் காற்றை இழுக்கும். நிலத்துக்குள் தண்ணீர் இல்லாமல் இல்லை, கிணற்றுக்கு இன்னும் வந்து சேரவில்லை. சர்க்கரை முற்றினவர்களுக்கு நரம்பும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. குழாயைச் சுருக்கிப் பிடிக்க வேண்டிய நேரத்தில் அது சும்மா இருக்கிறது.

இறைக்கிற வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் எடுத்தால் உயிருக்கு ஆபத்து கூடுகிறது என்று, அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகளை வைத்து நடந்த ஹீமோ என்ற ஆய்வில் கிடைத்த விவரங்களை மறுபடி அலசி, ஜெனிஃபர் ஃபிளைத் குழுவினர் 2011இல் எழுதினார்கள். என் 52 கிலோவுக்கு அது மணிக்கு 676 மில்லி, நாலு மணி நேரத்துக்கு 2.7 லிட்டர். வியாழக்கிழமையிலிருந்து திங்கள் வரை நாலு நாள் இடைவெளி. சோறு, குழம்பு, மாத்திரை விழுங்கத் தண்ணீர், சித்திரை வெயிலுக்கு ஒரு வாய் மோர் என்று எவ்வளவு சுருக்கினாலும் மூன்றரை கிலோ ஏறிவிடுகிறது. அதை நாலு மணி நேரத்தில் இறைத்தால் கிலோவுக்கு மணிக்குக் கிட்டத்தட்ட 17 மில்லி. "வாயைக் கட்டுங்க" என்று சிஸ்டர் திட்டுவார். நியாயமான திட்டுதான், அப்பளம் தின்றது நான்தானே. ஆனால் வாரத்துக்கு மூன்று முறை வருகிறவரை வைத்துப் போட்ட கணக்கை வாரத்துக்கு இரண்டு முறை வருகிறவனிடம் காட்டினால் அவன் எப்போதும் குற்றவாளியாகத்தான் நிற்பான்.

இது வெறும் மயக்கத்தோடு போகிற விஷயமும் அல்ல. இங்கிலாந்தில் கிறிஸ் மெக்கின்டயர் குழுவினர் டயாலிசிஸ் ஓடும்போதே நோயாளிகளுக்கு எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். 2009இல் வந்த அவர்கள் கட்டுரையில் 70 பேர். அதில் 64 சதவீதம் பேருக்கு இதயச் சதையின் சில பகுதிகள் அந்த நேரத்தில் அடிக்காமல் மரத்துப்போயிருந்தன. அடுத்தடுத்து இப்படி ஆனால் இதயம் நிரந்தரமாகவே தளர்ந்துவிடுகிறது. பிபி இறங்குவதும் நீர் எடுக்கிற வேகமும்தான் இதற்கு முக்கியக் காரணம் என்றார்கள். இதைக் கேட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, ஆய்வுகளுக்கு வருகிறேன்.

இரத்தத்தைச் சுத்தம் செய்ய மிஷினுக்குள் ஓடுகிற டயாலிசிஸ் நீரைச் சற்றுக் குளிர வைத்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கிப் பிபி தாங்கும் என்பது பழைய யோசனை. மருந்து வேண்டாம், செலவு இல்லை, மிஷினில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். உலகில் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, குளிர வைத்தால் பிபி இறங்குவது 70 சதவீதம் குறைகிறது என்று 2016இல் ஒரு தொகுப்புக் கட்டுரை வந்தது. அண்ணன் மகள் இதைச் சொன்னதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம் கணக்குப்பிள்ளை புத்தி போகுமா? இருபத்தாறு ஆய்வுக்கும் சேர்த்து எத்தனை பேர் என்று கேட்டேன். 484 பேர். ஆய்வுக்குப் பத்தொன்பது பேர்கூடத் தேறவில்லை.

அப்போதே கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்துக்காரர்கள் இதைப் பெரிதாகப் பார்த்துவிடத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். 84 டயாலிசிஸ் மையங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் வழக்கமான 36.5 டிகிரி. மறுபாதியில் அவரவர் உடல் சூட்டைவிட அரை டிகிரி முதல் 0.9 டிகிரி வரை குறைவு, 35.5க்குக் கீழே போகக் கூடாது. மைடெம்ப் என்று பெயர். 2017 ஏப்ரலிலிருந்து 2021 மார்ச் வரை நாலு வருடம், 15,413 பேர். 2022இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. இதய நோயால் இறந்தவர்களையும், மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களையும் கூட்டினால் குளிர்ந்த பக்கம் 21.4 சதவீதம், வழக்கமான பக்கம் 22.4. வித்தியாசம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. டயாலிசிஸில் மேல் பிபி இறங்கிய அளவு சராசரியாக ஒரு பக்கம் 26.6, மறுபக்கம் 27.1. குளிர்ந்த பக்கத்தில் கூடுதலாக இருந்தது, "குளிருது" என்று சொன்னவர்களின் எண்ணிக்கை.

இருபத்தாறு சின்ன ஆய்வுகள் தூக்கி நிறுத்தியதை ஒரு பெரிய ஆய்வு இறக்கி வைத்துவிட்டது. நான் வீட்டிலிருந்து போர்வை கொண்டுபோகிறவன். ஏசி காற்று நேராகத் தலையில் விழுகிற பெட்டில் படுத்து, ஊசி குத்தின கையை அசைக்காமல் நடுங்கிக்கொண்டு நாலு மணி நேரம் கிடப்பது எப்படி என்று தெரியும். பலன் உண்டென்றால் அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பலன் உண்டா என்று பதினைந்தாயிரம் பேரை வைத்துக் கேட்டார்களே, அவர்களுக்கு என் கும்பிடு.

அடுத்தது நேரம். மெதுவாக இறைத்தால் கிணறு வற்றாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அமெரிக்காவில் டைம் என்ற பெயரில் 266 மையங்களில் ஏழாயிரம் பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பக்கத்துக்கு நாலே கால் மணி நேரம், மறுபக்கம் வழக்கம்போல. பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆபத்து வந்ததால் அல்ல. நாலே கால் மணி நேரம் என்று எழுதிக் கொடுத்தும் ஒரு பக்கம் சராசரி 216 நிமிடம், மறுபக்கம் 207 நிமிடம். ஒன்பது நிமிட வித்தியாசத்தை வைத்துக்கொண்டு எதைக் கண்டுபிடிப்பது? இதைப் படித்ததும் நான் சிரித்துவிட்டேன். எந்த ஊரானாலும் மூன்றரை மணி நேரம் ஆனதும் "போதும், எடுத்துவிடுங்க" என்று கெஞ்சுகிறவர்கள்தான் நாங்கள். அடுத்த ஷிஃப்ட் ஆள் வாசலில் காத்திருப்பார். பஸ் போய்விடும். ஆய்வு எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

இரத்தத்தின் அடர்த்தியைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருக்கும் கருவி ஒன்று உண்டு. அது இருந்தால் முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்கும் என்று நம்பி 443 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வந்தது. கருவி வைத்துப் பார்த்த பக்கத்தில்தான் ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் சாவும் அதிகம். நல்லது என்று தோன்றுவதெல்லாம் நல்லதாக இருந்துவிடுவதில்லை என்பதற்கு இதை ஞாபகம் வைத்திருக்கிறேன்.

மிடோட்ரின் கதை வேறு மாதிரி. எங்கள் யூனிட்டில் பாதிப் பேர் டயாலிசிஸுக்கு அரை மணி நேரம் முன்னால் இந்த மாத்திரையைப் போடுகிறார்கள், நானும்தான். எனக்குத் தலையில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். சில நாள் பிபி தாங்குகிறது, சில நாள் இல்லை. இது டயாலிசிஸுக்கென்று அனுமதி வாங்கின மருந்தே இல்லை என்பது எனக்குப் போன வருடம்தான் தெரியும். எழுந்து நின்றால் பிபி இறங்குகிறவர்களுக்காக 1996இல் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தருகிற எஃப்டிஏ விரைவு வழியில் அனுமதி கொடுத்தது. உண்மையான பலனைப் பிறகு ஆய்வு செய்து காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. காட்டவில்லை என்று 2010இல் அனுமதியைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தார்கள். நோயாளிகளும் டாக்டர்களும் கூச்சல் போட்டதும் மருந்து கடையிலேயே இருந்துவிட்டது. டயாலிசிஸ் நோயாளிகளை வைத்து இதற்கு நடந்த ஆய்வுகளும் விரல் விட்டு எண்ணுகிற ஆட்களைக் கொண்டவைதான். ஜப்பானில் டயாலிசிஸில் பிபி இறங்குவதற்கென்றே டிராக்ஸிடோபா, அமெசினியம் என்று வேறு மாத்திரைகள் அனுமதி பெற்றுப் புழக்கத்தில் இருக்கின்றன. நமக்கு மிடோட்ரின். எது மேல், யாருக்கு மேல் என்று ஒருவரோடு ஒருவரை வைத்துப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை.

இனி என் ஒரே வேண்டுகோளுக்கு வருகிறேன். அது எதை எண்ணுகிறீர்கள் என்பது பற்றியது.

பிபி இறங்கியது என்று எப்போது சொல்வது என்பதிலேயே உங்களுக்குள் ஒரு முடிவில்லை. மேல் பிபி 20 இறங்கி, கூடவே தொந்தரவும் இருக்க வேண்டும் என்பது ஒரு கணக்கு. எதற்கு ஆபத்தோடு உறவு அதிகம் என்று அதே ஃபிளைத் குழுவினர் 2015இல் பார்த்தார்கள். தொந்தரவு இருந்ததா இல்லையா என்பதைவிட, 90க்குக் கீழே போனதா என்பதுதான் சாவோடு அதிகம் ஒட்டியிருந்தது. தொடக்கத்திலேயே 160க்கு மேல் இருந்தவர்களுக்கு அந்தக் கோடு 100. சரி, யார் சாகப்போகிறார் என்று பார்க்க அந்தக் கோடு உதவும். யார் எப்படி உயிரோடு கிடக்கிறார் என்று பார்க்க உதவுமா? 170இலிருந்து 115க்கு இறங்கி, உயிர் போய் வந்த நாள் அந்தக் கோட்டுக் கணக்கில் ஏறாது.

போன ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை. நாலு மணி நேரம் ஒரு தொந்தரவும் இல்லை. கொட்டாவிகூட வரவில்லை. ஊசி எடுத்துப் பஞ்சை அழுத்திப் பிடித்து, பிபி பார்த்து, "110 இருக்கு, கிளம்புங்க அண்ணாச்சி" என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் சங்கரன்கோவில் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன். பதினொன்றரை மணி வெயில். கூட்டம் ஏறி முடியட்டும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது, பூ விற்கிற அம்மா ஒருவர் பூவுக்குத் தெளிக்கிற தண்ணீரை என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஃபிஸ்டுலா கையை, அதாவது டயாலிசிஸ் ஊசிக்காக இரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கிற கையை, அடியில் போட்டு விழுந்திருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து கையைக் காதில் வைத்துக் கேட்டேன். அதில் இரத்தம் ஓடுகிற 'விர்' என்ற சத்தம் இருந்தது. அது இருந்தால் போதும், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை போனபோது ஃபைலைப் பார்த்தேன். திங்கட்கிழமைத் தேதிக்கு எதிரே "பிரச்சினை ஏதும் இல்லை" என்று எழுதியிருந்தது. எழுதியவர் மேல் தப்பில்லை. அவர் பார்த்தவரை பிரச்சினை இல்லைதான்.

வீட்டுக்கு வந்ததும் படுத்தால் படுத்ததுதான். என் மனைவி தறிக்குப் போய்விட்டு ஐந்தரைக்கு வருவாள். வந்ததும் அவள் கேட்பது ஒரே கேள்வி: "இன்னைக்கு எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க?" மூன்று மணி என்றால் முகம் தெளியும். இன்னும் எழவில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விடுவாள். இந்த நேரத்தை மூன்று வருடமாக நான் நோட்டில் எழுதி வருகிறேன். தேதி, ஏறின எடை, அன்றைக்கு இறங்கின குறைந்தபட்ச பிபி, எழுந்த மணி. பிபி 90க்குக் கீழே போய்ச் சலைன் வாங்கிக்கொண்டு வந்து மூன்று மணிக்கே எழுந்த நாள் உண்டு. 110க்குக் கீழே இறங்காமலே மறுநாள் காலை வரை எழாத நாளும் உண்டு. இரண்டாவது வகைதான் அதிகம்.

அவள் கேட்கிற கேள்வியை ஆராய்ச்சிக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள் என்று அண்ணன் மகள் சொன்னபோது ஆச்சரியமாக இருந்தது. "டயாலிசிஸ் முடிந்து நீங்கள் தேற எவ்வளவு நேரம் ஆகிறது?" ஒரே கேள்வி, நீட்டி முழக்கிய படிவம் எதுவும் இல்லை. பன்னிரண்டு நாடுகளில் ஆறாயிரம் பேரிடம் கேட்டு 2014இல் முடிவு எழுதினார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் தேறிவிடுகிறவர்கள் மூன்றில் ஒருவர்தான். பத்தில் ஒருவருக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். அப்படித் தேறாமல் கிடக்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதும் சாவதும் அதிகம். அந்தப் பன்னிரண்டு நாடுகளில் இந்தியா இல்லை.

இன்னொன்று. டயாலிசிஸ் ஆய்வு என்றால் எதையெல்லாம் கட்டாயம் அளக்க வேண்டும் என்று நோயாளிகள், வீட்டார், டாக்டர்கள் என எழுபதுக்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்களைக் கேட்டு ஒரு பட்டியல் போட்டார்கள். சாங் என்று அந்த முயற்சிக்குப் பெயர். கடைசியில் நின்றவை நாலு: இதய நோய், ஃபிஸ்டுலா போன்ற இரத்தப் பாதை, சாவு, அசதி. அசதி அந்த வரிசையில் ஏறியதற்கு நோயாளிகளின் பிடிவாதம் முக்கியக் காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நம் ஊரில் ஒரு டாக்டரிடம் "அசதியா இருக்கு சார்" என்று சொல்லிப் பாருங்கள். "டயாலிசிஸ்னா அப்படித்தான்யா" என்பார். அன்பாகத்தான் சொல்வார்.

ஆகவே, பிபி இறங்குவதைத் தடுக்கிறோம் என்று நீங்கள் இனி தொடங்கும் எந்த ஆய்வாக இருந்தாலும், நோயாளி வீட்டுக்குப் போய் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதை முதன்மைக் கணக்காக வையுங்கள். கடைசி வரியில் சேர்க்கிற உபரித் தகவலாக அல்ல. இதற்குக் கருவி வேண்டாம். மறுமுறை வரும்போது, ஊசி குத்துவதற்கு முன்னால் ஒரு வாய் கேட்டால் போதும். ஒரு போன் போட்டுக்கூடக் கேட்கலாம். எண்ணிக்கைக்கும் ஆள் பஞ்சம் இல்லை. 2016இல் மத்திய அரசு தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்த பிறகு மாவட்ட மருத்துவமனைகளிலும் மிஷின்கள் வந்துவிட்டன. முதலமைச்சர் காப்பீட்டிலும் டயாலிசிஸ் இருக்கிறது. ஒன்டாரியோவில் மையங்களைக் குலுக்கிப் பிரித்ததுபோல இங்கேயும் பிரிக்கலாம்.

எதை ஆராய்வது என்று கேட்டால் எனக்கு இட்லிதான் முதலில் ஞாபகம் வருகிறது. எங்கள் யூனிட்டில் எட்டரைக்கு எல்லாரும் பொட்டலத்தைப் பிரிப்போம். நாலு இட்லி, கொஞ்சம் சட்னி. பக்கத்து பெட் அக்கா முட்டையும் கொண்டுவருவார். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் வரிசையாகப் பிபி விழ ஆரம்பிக்கும். சாப்பிட்டதும் இரத்தம் வயிற்றுப் பக்கம் போய்விடுகிறது என்று டெக்னீசியன் தம்பி சொல்வார். அப்படியானால் சாப்பிடாதே என்று ஒரு டாக்டர். சாப்பிடாவிட்டால் சத்து எங்கிருந்து வரும், சர்க்கரை வேறு இறங்கிவிடும் என்று இன்னொரு டாக்டர். இரண்டு பேரும் நல்ல டாக்டர்கள். ஆறு மணிக்கே சாப்பிட்டுவிட்டு மிஷினில் ஏறினால் என்ன, இரண்டு இட்லியாகக் குறைத்தால் என்ன, முடித்துவிட்டு இறங்கிச் சாப்பிட்டால் என்ன? இதற்கு எந்த மருந்துக் கம்பெனியும் காசு போடாது. மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் போடலாம், மாநில அரசு போடலாம்.

அன்றைக்குக் காலை பிபி மாத்திரையைப் போடுவதா வேண்டாமா என்பதிலும் இதே குழப்பம்தான். போடாதே என்று சொன்ன வருடம் மிஷினில் ஏறும்போது 190 இருந்தது. போடு என்று சொன்ன வருடம் மூன்றாவது மணி நேரத்தில் விழுந்தேன். அப்புறம், வாரத்துக்கு இரண்டே முறை வருகிற ஐம்பது கிலோ ஆளுக்கு அரை மணி நேரம் கூட்டினால் என்ன ஆகும், அந்த அரை மணி நேரத்துக்காகப் பஸ்ஸை விட்டவருக்கு அடுத்த பஸ் வரை படுக்க ஒரு கட்டில் கொடுத்தால் என்ன ஆகும் என்பது. மிடோட்ரினைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

கையெழுத்து விஷயம் ஒன்று பாக்கி. நெறிமுறைக் குழுக்காரர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

முன்பு ஒரு மருத்துவமனையில், பெயர் இங்கே வேண்டாம், ஒரு மாத்திரைக்கான ஆய்வில் என்னையும் சேர்த்தார்கள். பிபி விழுந்து சலைன் வாங்கி, எழுந்து உட்கார்ந்த பத்தாவது நிமிடம் ஒரு பையன் காகிதங்களோடு வந்தான். பதினோரு பக்கம். இடது கையில் இரண்டு ஊசி, வலது கையில் பிபி பட்டை. எந்தக் கையால் கையெழுத்துப் போடுவது என்று கேட்டேன். பட்டையை அவிழ்த்துவிட்டான். பத்து நிமிடம் முன்னால்தான் அந்தப் பட்டை என்னைக் காட்டிக் கொடுத்தது!

காகிதம் தமிழில்தான் இருந்தது. குறை சொல்ல முடியாது. நோயாளிக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்று 2019ஆம் வருடப் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளே சொல்கின்றன. ஆனால் உள்ளே இருந்த தமிழ் என்ன தமிழ்? "சீரற்றமயமாக்கல்", "பாதகமான நிகழ்வு", "மருந்துப்போலி". அந்த ஆஸ்பத்திரியில் பக்கத்து பெட்டில் இருந்த வேறொரு அக்கா மருந்துப்போலி என்றால் என்னவென்று என்னிடம் கேட்டார். "பார்க்க மருந்து மாதிரி இருக்கும், உள்ளே மருந்து இருக்காது" என்றேன். "அதை அப்படியே எழுதுறதுக்கு என்னவாம்?" என்று கேட்டுவிட்டு ரேகை வைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். அந்த ஆய்வு முடிந்ததா, மாத்திரை பலித்ததா, எனக்குக் கிடைத்தது மருந்தா போலியா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அக்கா தெரிந்துகொள்ளாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒன்டாரியோவில் தனித்தனியாகக் கையெழுத்தே வாங்காமல் மையத்தில் அறிவிப்பு வைத்து நடத்தினார்கள். அது சரியா என்று அங்கே விவாதம் இருக்கும். தண்ணீரின் சூட்டை அரை டிகிரி மாற்றுவதற்கு எனக்கு அறிவிப்பே போதும். ஆனால் அந்த அறிவிப்பு எங்கள் கண்ணுக்கு நேராக, கடிகாரத்துக்குக் கீழே, பேசுகிற தமிழில் இருக்க வேண்டும். முடிவும் அதே இடத்தில் ஒட்டப்பட வேண்டும். மருந்து என்றால் கதை வேறு, அதற்குக் கையெழுத்து வேண்டும். அதைக் கேட்க, பிபி விழுந்தவன் எழுந்து உட்கார்ந்த நேரத்தில் வராதீர்கள். குழுக்கள் அனுமதிக் கடிதத்திலேயே இதை நிபந்தனையாக எழுதலாம்: மிஷினில் இருக்கும்போது கையெழுத்து வாங்கக் கூடாது. அதே விதிகள் உங்கள் குழுவில் ஏழு பேராவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் மருத்துவம் சாராத சாதாரண ஆளாக இருக்க வேண்டும் என்கின்றன. டயாலிசிஸ் ஆய்வு வருகிற அன்றைக்கு அந்த நாற்காலியில் டயாலிசிஸ்காரர் ஒருவரையோ, அவரைக் கூட்டிவந்து கூட்டிப்போகிற வீட்டுப் பெண்ணையோ கூப்பிட்டு உட்கார வையுங்கள். புதன் கிழமையாக இருந்தால் என் மனைவி வருவாள், அன்றைக்குத்தான் தறிக்குக் கரண்ட் இருக்காது.

திங்களும் வியாழனும் காலை ஆறு மணிக்கே யூனிட் வாசலில் இருப்பேன். ஆறரைக்கு ஊசி. அதற்கு முன்னால் வந்தால் பேசலாம், கையெழுத்தும் போடலாம். நோட்டைக் கையோடு கொண்டுவருகிறேன். நாலாவது பத்தியில் இருப்பது எழுந்த மணி.

இப்படிக்கு,
சங்கரன்கோவிலிலிருந்து ஒரு டயாலிசிஸ் நோயாளி